பாஸ்போர்ட்டில் இருக்கும் 'லெட்' அனுமதியா, தடையா?

நாங்குநேரி நர்ஸ்:
சார்ஜாவில் வேலை கிடைத்திருக்கிறது. போன வாரம் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. எங்கள் ஆச்சி அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, என்ன எழுதியிருக்குன்னு வாசி" என்றாள். உள்ளே இந்தியும் இங்கிலீஷும்தான். குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டுக்கொள்வதாகத் தொடங்கி, இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்' போகவிட வேண்டும் என்று வருகிறது. லெட் என்றால் அனுமதிப்பதுதானே? "அனுமதியும் இல்லாம, தடையும் இல்லாம" என்று சொல்லிவிட்டேன். "அனுமதி இல்லாம எப்படிட்டி போவ?" என்று ஆச்சிக்கு முகம் வாடிப்போயிற்று. இது அச்சுப்பிழையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை வாத்தியார்:
பிழை இல்லையம்மா. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்றுக்கு விடுவது என்று பொருள். இன்னொன்றுக்குத் தடுப்பது, தாமதப்படுத்துவது என்று பொருள்; நாம் தினமும் சொல்லும் 'லேட்' இதற்கு உறவு. நாளாக நாளாக உச்சரிப்புத் தேய்ந்து இரண்டுமே 'லெட்' என்று ஆகிவிட்டன.

1611-இல் வந்த ஆங்கில வேதாகமத்தில், இரண்டாம் தெசலோனிக்கேயர் 2:7-இல் 'லெட்டெத்' என்று ஒரு சொல் வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா ஆங்கில வேதத்தையும் தமிழ் வேதத்தையும் பாயில் விரித்து வைத்து என்னை வாசிக்கச் சொல்வார். நான் 'விடுகிறவன்' என்று பொருள் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் தமிழ் வரியில் விரலை வைத்தார். 'தடைசெய்கிறவன்' என்று இருந்தது. அன்றைக்குப் பிடித்த ஆசைதான், இன்றைக்கும் அகராதியை விடவில்லை.

தடுக்கிற 'லெட்' பேச்சில் செத்துவிட்டது; இப்படிச் சட்டத் தொடர்களில்தான் பிழைத்திருக்கிறது. ஒரே பொருளுள்ள இரண்டு சொற்களைச் சேர்த்து எழுதுவது ஆங்கிலச் சட்ட மொழியின் பழக்கம். நமக்கும் அப்படி ஒன்று உண்டே, 'தங்குதடையின்றி'! தங்குவது என்றாலும் போகாமல் நிற்பதுதானே? இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. ஆச்சியிடம் அப்படியே சொல்லுங்கள்.

தாழையூத்து தம்பி:
அண்ணாச்சி, டென்னிஸில் சர்வீஸ் போட்ட பந்து வலையில் உரசிக்கொண்டு சரியான கட்டத்தில் விழுந்தால் 'லெட்' என்று சொல்லி மறுபடி போடச் சொல்வார்களே, அதுவும் இதுதானா? நாங்கள் 'நெட்' என்றே கத்திப் பழகிவிட்டோம்.

பாளை வாத்தியார்:
அதேதான் தம்பி, ஆட்டத்துக்கு ஏற்பட்ட தடங்கல். அப்புறம், வீட்டு வாசலில் தொங்கும் 'டு லெட்' பலகையில் இருப்பது மற்ற லெட். நாமும் வீட்டை வாடகைக்கு 'விடுகிறோம்', ஆளைப் போக 'விடுகிறோம்'. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான்.

நாங்குநேரி நர்ஸ்:
ரொம்ப நன்றி ஸார். ஆச்சியை உட்கார வைத்து 'தங்குதடையின்றி' என்று மறுபடி வாசித்துக் காட்டினேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்று சொல்லித் திருநீறு பூசிவிட்டாள். பாஸ்போர்ட் இப்போது சாமி அலமாரியில் இருக்கிறது.