168 பின், ஓரத்தில் மூன்று கால் ரெகுலேட்டர்: இது என்ன சாமான்?

தகரப்பெட்டி:
மாமா கணினி ரிப்பேர் பார்த்த காலத்துப் பெட்டி ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. முக்கால்வாசி தெரிந்த சாமான்தான்: 30 பின் ராம், ஜம்பர் மூடிகள், சுருண்டுபோன ஃப்ளாப்பி கேபிள். ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

பார்த்தால் சாக்கெட்டின் மேல் சாக்கெட் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. அடியில் பொன்முலாம் பூசிய பின்கள், மேலே அதே அமைப்பில் துளைகள், சதுரமாக மூன்று வரிசை. முதல் தடவை எண்ணியபோது 167, அடுத்த தடவை 168. ஒரு பக்கம் மட்டும் பலகை விரல் அகலத்துக்கு வெளியே நீள்கிறது. அந்த நீட்சியில் எல்டி1085 என்று எழுதிய மூன்று கால் சில்லு, பக்கத்தில் இரண்டு குட்டி ரெசிஸ்டர். ஒன்றில் 1200, இன்னொன்றில் 2100. ஒரு மூன்று பின் ஜம்பரும் உண்டு, ஒரு முனையில் 2, மறு முனையில் 3. கம்பெனி பெயர் எங்கும் இல்லை.

மல்டிமீட்டரை வைத்துப் பின்னுக்கும் துளைக்கும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன் (ஞாயிற்றுக்கிழமை போயே போச்சு). 23 இடத்தில் பீப் வரவில்லை. தடம் அறுந்த பலகையா? தூக்கிப் போட்டுவிடவா?

நீலத்திரை:
486 எஸ்எக்ஸ் (பழைய இன்டெல் ப்ராசஸர்) போர்டில் 487 என்ற கோ-ப்ராசஸர், அதாவது கணக்குக்கான துணைச் சில்லு, போடுவார்களே, அதற்கான சாக்கெட்டாக இருக்கும்.

ஈயம்:
487 இல்லை. அதற்கு 169 பின், மேலே துளையும் கிடையாது. அது முழுச் சில்லு. கோ-ப்ராசஸர் என்று பேர்தான், உள்ளே இருப்பது 486 டிஎக்ஸ். போட்டதும் பழைய எஸ்எக்ஸை ஓரங்கட்டிவிட்டுத் தானே எல்லா வேலையும் பார்க்கும்.

தகரப்பெட்டி, தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். அந்த 23 மௌனம்தான் விடையே.

ஆரம்பகால 486 போர்டுகள் ப்ராசஸருக்கு 5 வோல்ட் மட்டும்தான் தரும். 1994இல் வந்த டிஎக்ஸ்4 என்ற 486 ரகத்துக்கு வேண்டியது 3.3. நேராகச் செருகினால் சில்லு பொசுங்கும். அதனால் சாக்கெட்டுக்கும் சில்லுக்கும் நடுவில் இப்படி ஓர் இடைப்பலகை, அதாவது இன்டர்போசர், வைப்பார்கள். 486 டிஎக்ஸில் மின்சாரம் வாங்கும் பின்கள் 24. அவற்றில் 23ஐ அடியிலிருந்து மேலே போகவிடாமல் துண்டித்து, வோல்ட்டைக் குறைக்கும் ரெகுலேட்டர் (அந்த எல்டி1085) வழியாகச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். 24ஆவது, ஜே1 என்ற பின். டிஎக்ஸ்4இல் அந்த ஒன்று மட்டும் 5 வோல்ட்டையே எதிர்பார்க்கும், அதனால் நேரே போகிறது. உங்கள் எண்ணிக்கை அச்சு அசலாகச் சரி. (167ஐ மறந்துவிடலாம்.)

ரெசிஸ்டரில் கடைசி இலக்கம் எத்தனை சுழி சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்வது. எனவே 1200 என்றால் 120 ஓம், 2100 என்றால் 210 ஓம். 1085க்கு அடிப்படை 1.25 வோல்ட். 210ஐ 120ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டி 1.25ஆல் பெருக்குங்கள்: 3.44. ஏஎம்டியின் 3.45 வோல்ட் சில்லுகளை மனத்தில் வைத்துச் செய்தது என்று நினைக்கிறேன். பெட்டியில் அப்படி ஏதாவது கிடக்கிறதா?

தகரப்பெட்டி:
கிடக்கிறது! எக்ஸ்5-133ஏடிடபிள்யூ என்று போட்டிருக்கிறது. ஜம்பரை 3இல் வைப்பதா? அது 2இல் இருந்தது.

ஈயம்:
2இலேயே இருக்கட்டும். மாமா தெரிந்துதான் வைத்திருக்கிறார். போர்டின் வேகத்தைச் சில்லு எத்தனை மடங்காக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ஜம்பர் அது. டிஎக்ஸ்4க்கு 2 என்றால் இரண்டு மடங்கு, ஆனால் 1995இல் வந்த இந்த ஏஎம்டி சில்லு அதையே நான்கு மடங்கு என்று எடுத்துக்கொள்ளும். போர்டின் 33.3 மெகாஹெர்ட்ஸை நான்கால் பெருக்கினால் 133. ஏடிடபிள்யூவில் நடுவில் உள்ள டி, 3.45 வோல்ட்டைக் குறிப்பது.

சில்லைப் போடுமுன் வெறும் இன்டர்போசரைச் செருகி மேலே வோல்ட் பாருங்கள். 1085இன் உலோக முதுகு கிரவுண்ட் இல்லை, அவுட்புட். ஹீட்சிங்க் வைத்தால் வேறெதிலும் உரசக் கூடாது. நான் உரசவிட்டு ஒரு போர்டைக் கொன்றிருக்கிறேன்.

சாலமன்_386:
போர்டு புதியதாக, வோல்ட் மாற்றும் வசதி உள்ள ‘சாக்கெட் 3’ என்ற ரகமாக இருந்தால் (237 துளை, இது பொருந்தியபின் சுற்றிலும் ஒரு வரிசை காலியாக நிற்கும்) அதை 5லேயே வையுங்கள். 3.45க்கு மாற்றினால் ரெகுலேட்டருக்கு மூச்சு பத்தாது, மேலே இரண்டு சொச்சம்தான் வரும், சில்லு எழாது. என் சிநேகிதர் இரண்டு வாரம் ராமை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பவர் சப்ளையையும் அளந்துவிடுங்கள். 1085 முழுச் சுமையில் 1.5 வோல்ட் வரை தனக்கென்று எடுத்துக்கொள்ளும். 5 என்பது 4.7 ஆகிவிட்டால் கீழே சரியும்.

தகரப்பெட்டி:
போர்டில் லீவர் இல்லாத பழைய 169 துளை சாக்கெட். சப்ளை 4.97, மேலே 3.43. சில்லைப் போட்டேன், திரையில் 133 என்று வந்தது. இப்போது ஒரே சிக்கல், இன்டர்போசர், அதன்மேல் சில்லு, அதன்மேல் ஹீட்சிங்க் என்று உயரம் ஏறியதில் ஹார்ட் டிஸ்க் கூண்டு மாட்ட முடியவில்லை. டிஸ்க் இப்போதைக்கு வெளியே ஒரு அட்டைப்பெட்டியின் மேல் இருக்கிறது.