அலனைல்-குளூட்டமினுக்கு மாறிய பிறகு உயிரணுக்கள் மெதுவாக வளர்வது ஏன்?

கேள்வி:
வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் நான், சிங்கப்பூரின் புவோனா விஸ்தா வட்டாரத்தில் உள்ள ஓர் ஆய்வகத்தில் வேலைப் பயிற்சியில் இருக்கிறேன். குளூட்டமின் என்னும் அமினோ அமிலம் கலந்த வளர்ப்பு ஊடகம் (உயிரணுக்களை வளர்க்கும் சத்துக்கரைசல்) தீபாவளி விடுமுறைக்கு முன்பிருந்தே குளிர்பெட்டியில் கிடந்ததால் அதைக் கொட்டிவிட்டு, புதிய ஊடகத்தில் அலனைல்-குளூட்டமின் என்னும் டைபெப்டைடை (இரண்டு அமினோ அமிலங்கள் இணைந்த சேர்மத்தை), பழைய குறிப்பேட்டில் குளூட்டமினுக்கு எழுதியிருந்தபடியே லிட்டருக்கு 584 மில்லிகிராம் சேர்த்தேன். இரண்டு நாளாகியும் ஹெக்-293 உயிரணுக்கள் (மனிதச் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட ஆய்வக வகை) குடுவையின் அடிப்பரப்பில் பாதியைக்கூட நிரப்பவில்லை. இந்தச் சேர்மத்தை அவற்றால் பயன்படுத்த முடியாதா?

மறுமொழி 1:
எடையைத்தான் முதலில் திருத்த வேண்டும். குளூட்டமினின் மூலக்கூறு எடை 146.14, அலனைல்-குளூட்டமினுக்கோ 217.22. ஆகவே 584 மில்லிகிராம் என்பது குளூட்டமினில் 4 மில்லிமோலார் (லிட்டரில் எத்தனை மூலக்கூறுகள் என்பதைக் காட்டும் அலகு) செறிவைத் தரும், டைபெப்டைடிலோ ஏறத்தாழ 2.7 மட்டுமே தரும். 4 வேண்டுமானால் 869 மில்லிகிராம் நிறுக்க வேண்டும். நானும் பயிற்சிக் காலத்தில் இதே தவற்றைச் செய்து ஒரு வாரத்து எண்ணிக்கையை இழந்திருக்கிறேன். ஆனால் 2 மில்லிமோலார் அளவே உள்ள ஊடகங்களும் வழக்கத்தில் இருப்பதால், இந்தக் குறைவு ஒன்றே இரண்டு நாளில் வளர்ச்சியை இவ்வளவு தடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுமொழி 2:
எனக்கும் அப்படித்தான் படுகிறது. தனித்த குளூட்டமினின் அமினோ தொகுதி, அதன் பக்கச் சங்கிலியில் உள்ள அமைடைத் தாக்கி வளையமாக மூடிக்கொள்ளும்போது அமோனியா வெளியேறுகிறது. 37 டிகிரியில் இது விரைவாகவும் குளிர்பெட்டியில் மெதுவாகவும் நடக்கும். டைபெப்டைடில் அந்த அமினோ தொகுதி அலனினோடு பெப்டைடு பிணைப்பில் கட்டுண்டிருப்பதால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அதே பிணைப்பை உயிரணுக்களின் பெப்டிடேஸ் நொதிகள் வெட்டினால்தான் குளூட்டமின் கிடைக்கும் என்பதால், பழகாத உயிரணுக்கள் தொடக்கத்தில் சற்றுத் தயங்குவது இயல்பே. குளூட்டமின் ஊடகத்தையும் டைபெப்டைடு ஊடகத்தையும் பாதிக்குப் பாதி கலந்து, ஓரிரு முறை துணைவளர்ப்பு (உயிரணுக்களில் ஒரு பகுதியைப் புதிய குடுவைக்கு மாற்றி வளர்த்தல்) செய்துவிட்டு முழுமையாக மாறுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: உயிரணுக்கள் குளூட்டமினைச் சிதைக்கும்போது வெளிவிடும் அமோனியா எப்படியும் சேரத்தான் செய்யும், இந்தச் சேர்மம் தடுப்பது ஊடகத்தில் தானாக நிகழும் சிதைவை மட்டுமே.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. 869 மில்லிகிராம் நிறுத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துவிட்டேன். இன்று பிற்பகல் ஒரு குடுவையைப் பாதிக்குப் பாதி ஊடகத்திலும், மற்றொன்றைப் புதிதாகக் கரைத்த குளூட்டமினிலும் தொடங்கியிருக்கிறேன். நான்காம் நாள் எண்ணிக்கையை இங்கே பதிகிறேன்.