நாலே மாதத்தில் ஏரோட்டர் கீச்சிடுகிறது, வழி சொல்லுங்கள்

டாக்டர்களுக்கு வணக்கம். திண்டுக்கல் பக்கம் சின்ன பல் கிளினிக் நடத்துகிறேன். இருப்பது இரண்டே ஏரோட்டர் ஹேண்ட்பீஸ் (காற்றழுத்தத்தில் சுழன்று பல்லைக் குடையும் கைக்கருவி). அதில் ஒன்றுக்குக் கார்ட்ரிட்ஜ் (உள்ளே பேரிங்கோடு சுழலும் பாகம்) மாற்றி நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் விசில் போலக் கீச்சென்று சத்தம். பர்ரை (குடையும் முனை) மாட்டி விரலால் அசைத்தால் பக்கவாட்டில் ஆடுகிறது. பேரிங் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் துடைத்து, எண்ணெய் ஸ்பிரே அடித்து, சில நொடி ஓடவிட்டு, பையில் போட்டு 134 டிகிரியில் ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமிநீக்கம்) செய்கிறோம். அதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. என் சந்தேகமெல்லாம் ஹேண்ட்பீஸுக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் மேல்தான். மழை தொடங்கியதிலிருந்து டேங்க் அடி வால்வைத் திறந்தால் துரு கலந்த தண்ணீர் அரை டம்ளர் வருகிறது. அந்த ஈரம் காற்றோடு போனால், நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்று ஓடும் பேரிங் எப்படித் தாங்கும்?

சர்வீஸுக்கு வந்தவர் காற்றழுத்தத்தை ஏற்றச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை, பேரிங் இன்னும் சீக்கிரம் தேயும்.

லைனில் ஏர் ட்ரையர் போட்டவர்கள் இருக்கிறீர்களா? ஃபில்டர் மட்டும் போதுமா? அப்புறம், மதுரைப் பக்கம் பேரிங் மட்டும் மாற்றித் தருபவர் உண்டா? ஒரே ஹேண்ட்பீஸை ஆட்டோகிளேவிலிருந்து எடுக்கும்வரை நோயாளிகளைக் காக்க வைக்கிறோம், பாவமாக இருக்கிறது.