கீமோ முடிஞ்சு பழைய வேலைக்கே திரும்பினவங்க இருக்கீங்களா?

வணக்கம் தோழிகளே. வயசு 43, மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் முடிஞ்சாச்சு. கேன்சர் திரும்பாம இருக்க தமாக்சிஃபென் மாத்திரை மட்டும் ஓடுது. 5 வருஷமாவது போடணுமாம். உடம்பு பரவாயில்லை.

பிரச்சினை வேலைதான். தனியார் வங்கிக் கிளையில இன்சூரன்ஸ் டார்கெட் பார்க்கிறேன். எஃப்டி புதுப்பிக்க வந்த பெரியவர் ஒருத்தர் மஞ்சப்பையிலிருந்து ரசீதை எடுத்து, "நீயே பார்த்துப் போட்டுக் கொடும்மா"ன்னார். யூலிப்ல (சந்தையில முதலீடு பண்ற இன்சூரன்ஸ் பாலிசி) தள்ளிவிடச் சொல்லி மேனேஜர் கண்ணைக் காட்டுறார். 5 வருஷத்துக்குப் பணத்தைத் தொட முடியாதே! முன்னே டார்கெட்னா ஒரு வேகம் வரும். இப்ப வாய் வரலை. எஃப்டியே போட்டு அனுப்பிட்டேன்.

வேலையை விட்டுடலாம்னா ஆபீஸ் கொடுக்கிற குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் போயிடும். புதுசா எடுத்தா, இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்கணும். கேன்சர்னு சொன்னா பாலிசி கொடுப்பாங்களாங்கிறதே சந்தேகம். நியாயம் பேசறவளுக்கும் ஸ்கேனுக்குக் காசு வேணுமே. வீட்டுக்காரர், "பிழைச்சு வந்ததே பெரிசு, இதெல்லாம் எதுக்கு யோசிக்கிறே"ங்கிறார்.

விற்பனையிலிருந்து ஆபரேஷன்ஸ், கேஒய்சி பக்கம் மாறினவங்க இருக்கீங்களா? ஹெச்ஆர்கிட்ட உடம்பைக் காரணம் சொன்னீங்களா, மனசு ஒப்பலைன்னே சொன்னீங்களா? குரூப் பாலிசியை அதே கம்பெனியில தனி பாலிசியா மாத்தினவங்களும் சொல்லுங்க. "நல்லா ரெஸ்ட் எடு"ங்கிறது மட்டும் வேண்டாம்ப்பா, நிறைய கேட்டாச்சு.