‘நைன் இன் ஒன்’ போட்ட நாய்க்கு கென்னல் காஃப் வராதா?

சிப்பிப்பாறையான்:
“நைன் இன் ஒன் ஊசி போட்ட நாய்க்கு கென்னல் காஃப் வராது, வந்தால் நாய் விடுதிக்காரர்தான் பணம் கட்ட வேண்டும்” என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. கென்னல் காஃப் என்பது நாய்களிடையே தொற்றும் இருமல், பல கிருமிகளால் வரும். பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் அந்த ஊசி, அவற்றில் பாராஇன்ஃப்ளுயன்சா, அடினோவைரஸ் என்ற இரண்டு வைரஸ்களைத் தடுக்கும். அதே இருமலைத் தரும் போர்டெடெல்லா என்ற பாக்டீரியாவுக்குத் தனி ஊசி உண்டு. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

லேப்ரடார் அம்மா:
எழுதியது நான்தான். எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று மருத்துவரே சொன்னார். விடுதியிலிருந்து வந்த வாரமே வாத்து கத்துவது போல இருமி, நுரை கக்கினான். காசு வாங்கியவருக்குப் பொறுப்பில்லையா?

சிப்பிப்பாறையான்:
அட்டையில் போர்டெடெல்லா இருக்கிறதா, இல்லையா?

கோவை விடுதிக்காரன்:
தொற்றிய பிறகு 2 முதல் 14 நாள் வரை ஒன்றும் வெளியே தெரியாது. வாலாட்டிக்கொண்டு உள்ளே வரும் நாயை எப்படிச் சந்தேகிப்பது? தனி ஊசி போட்டாலும் வரலாம், கடுமைதான் குறையும்.

லேப்ரடார் அம்மா:
காற்றே புகாத அறையில் கூண்டை ஒட்டிக் கூண்டு வைத்தால் வராமல் என்ன செய்யும்?

கோவை விடுதிக்காரன்:
என் இடத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மருந்துக்கடைக்காரர்:
சண்டை எதற்கு? டாக்சிசைக்ளின் ஆன்டிபயாடிக்கும் குழந்தைகளுக்கான இருமல் சிரப்பும் கொடுங்கள்.

சிப்பிப்பாறையான்:
தம்பி, அந்த யோசனையை உடனே நீக்குங்கள். சில சிரப்புகளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும், அது நாயின் உயிரையே எடுத்துவிடும். நன்றாகச் சாப்பிட்டு விளையாடும் நாய்க்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. 1 முதல் 3 வாரத்தில் தேறிவிடும். கழுத்துப் பட்டையைக் கழற்றி மார்புப் பட்டை மாட்டுங்கள், மற்ற நாய்களிடம் விடாதீர்கள். காய்ச்சல், மூச்சிரைப்பு, சோர்வு இருந்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, இருமல் 10 நாளைத் தாண்டினாலோ மருத்துவரிடம் ஓடுங்கள். குட்டியென்றால் காத்திருக்கவே கூடாது. டிஸ்டம்பர் என்ற கொடிய வைரஸ் நோயும் இருமலாகத் தொடங்கலாம்.

மருந்துக்கடைக்காரர்:
யாருக்கு யார் தம்பி? எனக்கு 58 வயது. உண்ணி மருந்து விவாதத்திலும் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீர்கள்.

சிப்பிப்பாறையான்:
அன்றும் தவறாகத்தான் சொன்னீர்கள். அதை விடுங்கள். அம்மா, அட்டையில் போர்டெடெல்லா இருக்கிறதா?

லேப்ரடார் அம்மா:
உங்களிடம் அட்டை காட்ட வேண்டிய அவசியம் எனக்கில்லை. விடுதிக்காரர் முதலில் பணத்தைத் தரட்டும்.

கோவை விடுதிக்காரன்:
நீங்கள் விட்டது சென்னையில். நான் எதற்கம்மா தர வேண்டும்?

சிப்பிப்பாறையான்:
அப்படியானால் அட்டையில் இல்லை.

லேப்ரடார் அம்மா:
இல்லையென்று நான் எங்கே சொன்னேன்?