தடியடிக்கு முன்பே தொடங்கும் அடக்குமுறையை அடையாளம் காண்பது எப்படி?

நெய்தல்வாசி (கேள்வி):

எங்கள் ஊர்க் கடற்கரையில் வரவிருக்கும் ஒரு திட்டத்தை எதிர்த்து ஓராண்டாகக் கூடிப் பேசி வருகிறோம். இதுவரை யாரும் கைதாகவில்லை. ஆனால் இரண்டு மாதங்களாக, மண்டபம் தருவதாகச் சொன்னவர்கள் காரணம் கூறாமல் பின்வாங்குகிறார்கள். கல்லூரி செல்லும் பிள்ளைகளின் வீடுகளுக்கு மஃப்டியில் சிலர் வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்குகிறோம் என்ற பேச்சும் பரவியிருக்கிறது. போதாக்குறைக்கு, நம்மில் ஒருவரே தகவல் கொடுக்கிறார் என்ற ஐயம் குழுவைக் குடைகிறது. இவற்றை அடக்குமுறையின் தொடக்கம் என்று கொள்ளலாமா, அல்லது மிகையாக அஞ்சுகிறோமா? கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புப் போராட்டத்தை அருகிலிருந்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரைவலை:

உங்கள் அச்சம் மிகையானதல்ல. கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில், போராட்டப் பந்தலில் பல நாட்கள் அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2011 செப்டம்பரில் 127 பேர் உண்ணாநோன்பு இருந்தபோது, மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்துமாறு மாநில அமைச்சரவையே தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 19 அன்று அந்த நிலைப்பாடு மாறியதும் 144 தடையுத்தரவு வந்தது, ஊருக்குள் வரும் சாலைகள் மறிக்கப்பட்டன. செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும். அதே நாளில் மணப்பாட்டில் காவல்துறை சுட்டதில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார்.

இவை எல்லோரும் அறிந்தவை. எங்களை நெடுங்காலம் வாட்டியது முதல் தகவல் அறிக்கையில் இருந்த ‘மற்றும் பலர்’ என்ற சொல். சிலருடைய பெயர்களை எழுதி, அவற்றின்கீழ்ப் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துவிட்டால், அந்த வெற்றிடத்தில் எவர் பெயரையும் எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். தேசத்துரோகப் பிரிவான 124ஏ அப்படித்தான் ஊர் முழுவதன்மேலும் தொங்கியது. வெளிநாட்டு வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள் கடவுச்சீட்டு கிடைக்குமா என்று தவித்ததை நான் மறக்கவில்லை.

அதைத் தாங்க முடிந்ததற்குக் காரணம், போராட்டம் ஒளிவுமறைவின்றி நடந்ததுதான். லூர்து மாதா தேவாலயத்தின் முன் பந்தல்; பீடி சுற்றும் பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே வேலை செய்தார்கள்; செலவுக்கு மீன்பிடி வருமானத்தில் ஒரு பங்கு. யாரைக் கைது செய்தாலும் மறுநாள் பந்தல் காலியாக இருக்காது என்பது எங்களுக்கும் தெரியும், காவல்துறைக்கும் தெரியும்.

செங்காந்தள்:

வெளிநாட்டுப் பணம் என்ற பழி 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அளித்த நேர்காணலிலேயே வந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். வரவுசெலவை மாதந்தோறும் ஊர்க்கூட்டத்தில் வாசித்துவிடுங்கள்.

ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்ன ஐயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அமெரிக்காவில் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 1956 முதல் 1971 வரை ‘கோயின்டெல்ப்ரோ’ என்ற பெயரில் குடிசார் உரிமை இயக்கங்களையும் போர் எதிர்ப்பாளர்களையும் குலைக்க முயன்றது. 1971 மார்ச் 8 இரவு, பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரிலிருந்த அதன் அலுவலகத்திலிருந்து சிலர் எடுத்துச் சென்ற கோப்புகளால்தான் அது வெளிப்பட்டது. ஒவ்வொரு அஞ்சல்பெட்டியின் பின்னாலும் ஓர் உளவாளி இருப்பதாக எதிர்ப்பாளர்கள் நம்ப வேண்டும் என்பதே அந்தக் கோப்புகளில் ஒன்றில் எழுதப்பட்டிருந்த நோக்கம். உளவாளியே அல்லாதவரை உளவாளியாகக் காட்டப் போலிக் கடிதங்களும் அனுப்பினார்கள்.

ஆகவே சான்றில்லாமல் எவரையும் சுட்டாதீர்கள். நடத்தையை மட்டும் பாருங்கள். 1971-இல் கேம்டன் நகரில் ராணுவ ஆள்சேர்ப்பு ஆவணங்களை அழிக்க நுழைந்த போர் எதிர்ப்பாளர்களுக்குக் கருவிகள் வாங்கிக் கொடுத்து ஊக்கியவரே தகவலாளிதான். 1973-இல் நடுவர் குழு அவர்களை விடுவித்தது. உங்கள் கூட்டத்திலும் கல்லெறியவோ தீவைக்கவோ தூண்டுகிறவர் எவராயினும், அவர் யாருடைய ஆள் என்று ஆராயாமல் அந்த யோசனையை அங்கேயே நிராகரித்துவிடுங்கள்.

வாய்தா:

வழக்கறிஞர் என்ற முறையில் சில சொல்கிறேன். கூட்டத்திற்கான அனுமதியை எழுத்தில் கேளுங்கள், மறுப்பையும் எழுத்திலேயே பெறுங்கள். வாய்மொழி மறுப்பை நீதிமன்றத்தில் எதிர்ப்பது கடினம். வீட்டுக்கு வந்து விசாரிப்பவர்களின் பெயர், பதவி, நாள், நேரம் ஆகியவற்றை ஒரே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பொதுவான முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உணர்வுபூர்வமானவை என்று கருதப்படும் வழக்குகளுக்கு விலக்கு உண்டு. எனவே உங்கள் காவல் நிலையப் பட்டியலை வாரந்தோறும் பார்க்க ஒருவரை நியமியுங்கள்.

கூடங்குளம் வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே 6 அன்றே கூறியும், அவை ஆண்டுக்கணக்கில் நீண்டன. 124ஏ 2022 மே மாதம் நிறுத்திவைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு ஏறத்தாழ அதே வேலையைச் செய்யவல்லது. அதனால் ‘மற்றும் பலர்’ என்ற வழக்கு உங்கள் ஊரில் பதிவானால், பெயர்கள் நிரப்பப்படும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே என்னைப் போன்ற ஒருவரிடம் அறிக்கையின் நகலைக் கொண்டு வாருங்கள்.