வெட்டிய பூக்கரும்பை விதை முற்றும்வரை வாடாமல் வைத்திருப்பது எப்படி?

கேள்வி (பாலக்கோடு):
வணக்கம். எங்கள் வயலில் கார்த்திகையில் பூத்த இரண்டு கரும்புகளை, இனக்கலப்புச் செய்து பார்க்கும் ஆசையில் அடியோடு வெட்டி, தண்ணீர்க் குடத்தில் நிறுத்தினேன். நான்காம் நாள் தோகை சுருண்டது. ஆறாம் நாள் வெட்டுவாய் வழுவழுத்து, தண்ணீர் புளித்த கழுநீர்போல் நாறியது. ஆராய்ச்சி நிலையங்களில் இதே வெட்டிய கரும்பு வாரக்கணக்கில் பசுமையாக நிற்பது எப்படி?

பதில் 1 (தருமபுரி):
ஐயா, முதலில் கெட்டது உங்கள் தண்ணீர்தான். வெட்டுவாயில் கசியும் சர்க்கரையை உண்டு பெருகும் பாக்டீரியாக்கள் நீரேறும் குழாய்களை அடைத்துவிடுவதால், குடம் நிறைய நீர் இருந்தும் தோகை காய்கிறது. இதற்கு ஹவாய்த் தீவுகளில் 1920களில் கண்ட வழி, கந்தக டை ஆக்சைடு கரைத்த நீரில் தண்டுகளை நிறுத்துவது. பிறகு பாஸ்பாரிக் அமிலமும் சேர்க்கப்பட்டது. பத்து லட்சம் பங்கு நீருக்கு முன்னது ஏறத்தாழ 150 பங்கும் பின்னது 75 பங்கும் இருக்கும். அவ்வளவு நீர்த்த கரைசல். வாயு தானாக வெளியேறிவிடும் என்பதால் கரைசலை அடிக்கடி புதுப்பித்து, அடித்தண்டையும் இடையிடையே புதிதாக நறுக்கிவிட வேண்டும். மகரந்தம் சேர்ந்து விதை முற்றச் சுமார் நான்கு வாரம் ஆகும். அத்தனை நாளும் இந்தப் பணிவிடை உண்டு. கந்தக வாயு மூச்சை அடைக்கும், ஆகவே வீட்டில் கலக்க வேண்டாம்.

பதில் 2 (அரூர்):
உங்களுக்கு விண்பதியமே ஏற்றது. கதிர் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, தண்டில் இரண்டு மூன்று கணுக்களின் சோகையை உரித்து, ஈரமண் நிரப்பிய பாலித்தீன் உறையைச் சுற்றிக் கட்டுங்கள். கணுவில் வேர் இறங்கியபின் உறைக்குக் கீழே வெட்டினால், கரும்பு தன் வேராலேயே நீர் குடிக்கும், அமிலம் தேவையில்லை. மற்றொன்று, எந்தப் பூவைத் தந்தையாகக் கொள்வது என்பதை முன்பே பார்த்துவிடுங்கள். அயோடின் கரைசலில் கருநீலமாகும் மகரந்தமே வளமானது. மகரந்தம் மலடான இரகத்தைத் தாயாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டும் ஒரே வயலில் நின்ற கோ 86032 என்ற கரும்பு இரகம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பதில் 2 (அரூர்):
அப்படியானால் வாடாமல் நின்றிருந்தாலும் அது கலப்பாகியிராது. கரணையால் (நடவுக்கு வெட்டும் தண்டுத் துண்டால்) பெருகிய ஒரே இரகத்தின் இரண்டு தண்டுகள் ஒரே செடிக்குச் சமம். நடந்திருக்கக்கூடியது தன்மகரந்தச் சேர்க்கைதான். அடுத்த பருவத்தில் வேறு இரகம் பூக்கும் வயலாகப் பார்த்து, ஐப்பசிக்கு முன்பே உறையைக் கட்டிவிடுங்கள்.